கொடைக்கானல் 'டாக்டர் வீடு' கால்நடை கிளினிக்: டாக்டர் காலமாகிவிட்டார், கிளினிக் நடக்கிறது

முதலில் தகவலைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வத்தலக்குண்டு வரைக்கும் தப்பாகப் பேச்சு போயிருக்கிறது. மலையில் எல்லோரும் 'டாக்டர் வீடு' என்று சொல்கிற கால்நடை கிளினிக் மூடவில்லை. டாக்டர் மழைக்காலத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். அவருடைய மகள்தான் இப்போது நடத்துகிறார், அவரும் கால்நடை மருத்துவர், நாமக்கல் கல்லூரியில் படித்தவர். காலையிலும் சாயங்காலமும் திறந்திருக்கிறது, ராத்திரி அவசரம் என்றால் போன் பண்ணலாம், வருகிறார். என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து, யோசிக்காமல் கொடுக்கிறேன்.

ஆனால் நேரம், கட்டணம் என்று நாலு வரி எழுதிவிட்டுப் போக மனசு வரவில்லை. இந்தக் கிளினிக் எப்படிப்பட்டது என்று புதிதாக வருகிறவர்களுக்குப் புரிய வேண்டுமானால் டாக்டரைப் பற்றித்தான் பேச வேண்டும். எங்கள் வீட்டில் கறவை மாடு, என் சித்தப்பா மகன்கள் ஏரியைச் சுற்றிக் குதிரை ஓட்டுகிறவர்கள், அதனால் டாக்டர் வீட்டுக்கு எங்களில் யாராவது ஒருத்தர் போய்க்கொண்டேதான் இருப்போம்.

அவருக்குப் பூர்வீகம் மலை இல்லை, கீழே நிலக்கோட்டைப் பக்கம். சென்னை வேப்பேரியில், 1903-ல் தொடங்கிய அந்தப் பழைய கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, அரசாங்கத்தில் கால்நடை உதவி மருத்துவராகச் சேர்ந்தார், கொஞ்ச வருடத்தில் மலைக்குப் போட்டார்கள். மலைக்குப் போட்டால் வந்த வாரமே இறங்குவதற்கு மனு எழுதுகிறவர்கள்தான் அதிகம். குளிர், மேல்மலைக்குப் பஸ் குறைவு, பிள்ளைகள் படிப்பு, காரணம் இல்லாமல் இல்லை. இவர் ஸ்கூல் டீச்சரான மனைவியையும் வயதான அம்மாவையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்து வீடு பார்த்து உட்கார்ந்துவிட்டார். இடையில் வேறு ஊருக்கு மாற்றல் வந்தபோதுகூட குடும்பத்தை இங்கேயே வைத்துவிட்டு வாராவாரம் மேலே வந்து போனார், அப்புறம் திரும்பவும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். ஓய்வு பெற்றதும் வீட்டு முன்னறையில் ஒரு மேசையும் மருந்து அலமாரியும் போட்டார். அதுதான் இந்தக் கிளினிக்.

அவர் வைத்தியம் பார்க்கிற விதத்தைச் சொல்கிறேன். எங்கள் ஜெர்சி கலப்புப் பசு மூன்றாவது கன்று போட்ட மறுநாள் ராத்திரி படுத்துவிட்டது. கழுத்தை ஒரு பக்கமாக வளைத்து விலாவில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கூப்பிட்டால் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. காது இரண்டும் சில்லிட்டுப் போயிருந்தன. பால் காய்ச்சல். கன்று போட்ட இரண்டு மூன்று நாளைக்குள் நன்றாகக் கறக்கிற மாட்டுக்குத்தான் வரும், ரத்தத்தில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து பாலுக்கு இறங்கிவிடும், விட்டால் விடிவதற்குள் மாடு போய்விடும். டாக்டர் கால்சியம் பாட்டிலை ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஜீப்பில் வந்தார். மார்கழிக் குளிரில் வெளியே வைத்திருந்த மருந்தை அப்படியே மாட்டின் ரத்தத்தில் ஏற்றக் கூடாது என்பதற்காக. வந்ததும் வெந்நீர்க் குண்டானில் இன்னும் கொஞ்ச நேரம் வைக்கச் சொன்னார். 450 மில்லி பாட்டில். கழுத்து நரம்பில் ஊசியைக் குத்தி, பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு, அவர் மாட்டின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு சாணியிலேயே உட்கார்ந்துவிட்டார். வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும், அதனால் துடிப்பைக் கேட்டுக்கொண்டே "இறக்கு" என்பார், நான் பாட்டிலைத் தாழ்த்துவேன், "ம், இப்ப ஏத்து" என்பார். பாதி இறங்கும்போது தோள் சதை நடுங்கியது, ஒரு ஏப்பம் விட்டது, அப்புறம் சாணி போட்டது. "வந்துட்டாப்பா" என்றார். பாட்டில் முடிந்து சிறிது நேரத்தில் பின்பக்கத்தைத் தூக்கி, தள்ளாடி, எழுந்து நின்றுவிட்டது. எங்கள் அம்மா அழுதேவிட்டார்.

அவர் அதோடு கிளம்பவில்லை. "ரெண்டு மூணு நாளைக்கு மடியை ஒட்டக் கறக்காதீங்க, கன்னுக்கு வேணுங்கறது போகக் கொஞ்சம் மடியிலயே இருக்கட்டும், ஒட்டக் கறந்தா திரும்பப் படுத்துரும்" என்று அம்மாவிடம் சொல்லி, அம்மா அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் ஜீப்பில் ஏறினார். காசு? மருந்து விலையும் பெட்ரோலும். மறுநாள் காலையில் டீச்சரம்மாவிடமிருந்து போன், மாடு தீவனம் எடுத்ததா என்று.

இந்த டீச்சரம்மாவை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத முடியாது. முன்னறைச் சுவரில் ஒரு பெரிய மாதக் காலண்டர் தொங்கும். யார் வீட்டு மாட்டுக்கு எப்போது சினை ஊசி போட்டது, அதிலிருந்து ஒன்பது மாதம் பத்து நாள் கணக்குப் போட்டு எந்த வாரம் கன்று போடும், எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கும். ஸ்கூல் முடிந்து வந்து, டீ போட்டு வைத்துவிட்டு, அந்த வாரம் கன்று போட வேண்டிய வீடுகளுக்கு அவரே போன் பண்ணுவார். "உங்க செவலைக்கு நாள் நெருங்குது, தனியாக் கட்டிட்டீங்களா?" இப்படி. அரசாங்கம் சம்பளம் கொடுத்தது ஒருத்தருக்குத்தான், வேலை பார்த்தது மொத்தக் குடும்பமும்.

டாக்டரிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது, செலவு வேண்டாம் என்று சொல்கிற தைரியம். மேல்மலையில் மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி என்று காட்டோரமாக மேய்கிற வயதான மாடுகள் சிலது ரத்தமாக மூத்திரம் போகும். வருடக்கணக்கில் பெரணிச் செடியைத் தின்று மூத்திரப் பையில் கட்டி வந்துவிடுகிறது. உண்ணிக் காய்ச்சலிலும் மூத்திரம் சிவக்கும், அதற்கு மருந்து உண்டு, அதனால் முதலில் அது இல்லை என்று பார்த்துக்கொள்வார். பெரணிதான் என்று உறுதியானால் நேராகச் சொல்லிவிடுவார்: "அண்ணே, இது தேறாது. பாட்டில் பாட்டிலா ஏத்தலாம், உங்க காசு போகும், மாடும் போகும். அந்தக் காசுல தீவனம் வாங்கி மத்த மாட்டுக்குப் போடுங்க, பெரணி மண்டியிருக்கற பக்கம் கன்னுகளை விடாதீங்க." ஊசி போட்டால்தான் டாக்டர் என்று நினைக்கிற ஊரில், ஊசி போடாமல் பெட்டியை மூடுவது லேசான காரியம் இல்லை. இரண்டு மூன்று பேர் திட்டியிருக்கிறார்கள், எனக்குத் தெரியும். அவர்களே அடுத்த மாட்டுக்கும் அவரிடம்தான் வந்தார்கள்.

ஆடு வளர்க்க நினைக்கிறவர்களை மன்னவனூரில் 1965-லிருந்து இருக்கிற மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பிவிடுவார். அங்கே பாரத் மெரினோ ஆடும் முயலும் வளர்க்கிறார்கள், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து அப்புறம் முடிவு பண்ணு என்பார்.

இனி குதிரை. கொடைக்கானலுக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஏரிக்கரையில் நிற்கிற மட்டக்குதிரை ஒரு சவாரி, ஒரு போட்டோ, அவ்வளவுதான். எங்களுக்கு அது அடுப்பு எரிவது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அது நிறையப் பேருக்குத் தெரியாது. பன், ரொட்டி, தின்று மிச்சம் வைத்த சோளக்கதிர் என்று ஆசையாக ஊட்டிவிட்டுப் போய்விடுவார்கள், சாயங்காலம் வயிறு உப்பிக் குதிரை காலால் தரையைப் பறிக்கும், திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கும், படுத்து உருளப் பார்க்கும். உருண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்று டாக்டருக்குப் பயம். அவர் வந்ததும் காதை விலாவில் வைத்து இரண்டு பக்கமும் குடல் சத்தம் கேட்பார். ஸ்டெதஸ்கோப் கழுத்தில் தொங்கும்போதே முதலில் காதைத்தான் வைப்பார். அப்புறம் மூக்கு வழியாகக் குழாயை மெதுவாக, குதிரை விழுங்குகிற நேரம் பார்த்துப் பார்த்து உள்ளே இறக்குவார். குழாயின் இந்தப் பக்கம் காற்று புஸ்ஸென்று வரும், புளித்த வாடை அடிக்கும். என் சித்தப்பா மகன் குதிரை ஒன்று அப்படித்தான் பிழைத்தது. அதற்கு வலி ஊசி போட்டு, விடிய விடிய அவனோடு ஏரி ரோட்டில் மாறி மாறி நடத்தினார், அப்போது அவர் ஓய்வு பெற்ற மனிதர்.

சீசன் இல்லாத நாள் பார்த்து ஐஸ் பெட்டியோடு குதிரை ஸ்டாண்டுக்கே வந்து டெட்டனஸ் ஊசி போடுவார். மற்ற எந்த வளர்ப்புப் பிராணியையும் விடக் குதிரைக்கு அந்த நோய் சீக்கிரம் பிடிக்கும், குளம்பில் ஒரு ஆணி ஏறினால் போதும், தாடை பூட்டிக்கொண்டு வால் விறைத்து நின்றுவிடும், அப்புறம் காப்பாற்றுவது கஷ்டம். லாடம் அடிக்கிறவரையும் பக்கத்தில் உட்கார வைத்து அவருக்கும் பாடம் நடத்துவார். நொண்டுகிற குதிரைக்கோ மாட்டுக்கோ மெடிக்கல் ஷாப்பில் மனிதர்களுக்கு விற்கிற டைக்ளோஃபெனாக் வலி மருந்தை வாங்கி வந்து போடச் சொன்னால் கையை எடுத்துக் கும்பிட்டுவிடுவார். கால்நடைக்கு அது 2006-லேயே தடை செய்யப்பட்ட மருந்து, அந்த ஊசி போட்ட பிணத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் நாடு முழுக்கச் செத்ததால் வந்த தடை. "நம்ம மலையில பாறே இல்லையே சார்" என்று யாரோ கேட்டதற்கு, "இருக்கற நீலகிரியில இப்படி ஒருத்தன் கேட்டா என்ன ஆகும்?" என்றார். அதற்குப் பதில் மெலோக்சிகாம்தான் போடுவார்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மலையில் மரங்கள் ரோடு ரோடாக விழுந்து கிடந்தன, கரண்ட் இல்லை, போனும் இல்லை. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, நடந்தே தொழுவம் தொழுவமாகப் பார்த்தார். கூரை விழுந்து அடிபட்ட மாடுகளுக்குத் தையல் போட்டுக்கொண்டே போனார்களாம். 2020 ஊரடங்கில் நடந்தது எங்கள் குடும்பத்தில் யாரும் மறக்க மாட்டோம். ஏரி பூட்டிவிட்டது, ஆள் இல்லை, வருமானம் பூஜ்ஜியம், குதிரைக்கு மட்டும் தினமும் பசிக்கிறது. டாக்டர் முதலில் வந்து சொன்னது, கொள்ளுத் தானியத்தைக் குறைத்துவிடுங்கள் என்று. வேலை இல்லாத குதிரைக்குப் பழைய அளவே தானியம் போட்டால் மறுபடி ஓட்டுகிற அன்றைக்குப் பின்னங்கால் சதை கட்டையாகிவிடும், மூத்திரம் கருத்துப் போகும். சரி, தானியத்தைக் குறைத்தால் வயிற்றை எதைக் கொண்டு நிரப்புவது? அதற்கும் அவரே வழி பண்ணினார். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் கேரட் போட்டிருந்த தனக்குத் தெரிந்த விவசாயிகளுக்கெல்லாம் போன் பண்ணி, கழித்துப் போடுகிற உடைந்த கேரட்டையும் தழையையும் காய் வண்டியிலேயே ஏற்றி அனுப்ப வைத்தார். மூட்டை வந்ததும் அழுகியது எது, கொடுக்கலாம் எது என்று அவரும் டீச்சரம்மாவும் முகக்கவசம் போட்டுக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்து பிரித்தார்கள். அவர் காலமான அன்று ஏரியில் காலைச் சவாரி ஓடவில்லை. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை, ஆளாளுக்குக் குதிரையைக் கட்டிவிட்டு டாக்டர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

இவ்வளவு அலைந்தாரே, வீட்டைக் கவனித்தாரா என்று கேட்கலாம். அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை. கடைசி வரைக்கும் காலையில் இன்சுலின் ஊசி அவர் கையால்தான், அது முடிந்து அம்மா இட்லி சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் முன்கதவு திறக்கும், வெளியே யார் நின்றாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு மனைவியோடு போவார், பை தூக்குவது அவர்தான். ஒருமுறை ஒரு பங்களாக்காரர் நாய்க்கு நகம் வெட்ட வேண்டும் என்று கார் அனுப்பினார், "இன்னைக்கு மகளுக்கு ஸ்கூல்ல ஆண்டு விழா, நாளைக்கு வர்றேன்" என்று காரைத் திருப்பிவிட்டார். அதே விழாவில் பாதியில் வில்பட்டியிலிருந்து ஆள் வந்தது, கன்று குறுக்கே சிக்கிக்கொண்டது என்று. எழுந்து போய்விட்டார். மகள் பாடினதைக் கேட்கவில்லை. ராத்திரி வந்து குளித்துவிட்டு, தூங்கின பிள்ளையை எழுப்பாமல், காலையில் மொத்தப் பாட்டையும் முதலிலிருந்து பாடச் சொல்லிக் கேட்டாராம், பாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்து. இதை டீச்சரம்மா சொல்லும்போது துக்க வீட்டில் எல்லோர் முகத்திலும் ஒரு சிரிப்பு வந்தது.

அந்தப் பாட்டுப் பாடின மகள்தான் இப்போது டாக்டரம்மா. இவரைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். நாய்க்கு நன்றாகப் பார்ப்பார், மாட்டுக்கு ஆம்பிளை டாக்டர்தான் சரிப்படும் என்று சில பெரியவர்கள். அது சுத்தத் தப்பு. போன மாதம் நான் மருந்து வாங்க நின்றபோது மேல்மலையிலிருந்து ஒருத்தர் வேனில் பெட்டை ஆடு ஒன்றைத் தூக்கி வந்தார். காலையிலிருந்து முக்குகிறது, முன்கால் இரண்டும் வெளியே, தலை பின்னால் மடங்கி உள்ளேயே இருக்கிறது. டாக்டரம்மா முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, வழவழப்பு மருந்து தடவி, காலை இழுக்காமல் முதலில் குட்டியை உள்ளே தள்ளினார். பார்க்கிறவர்களுக்கு அது தலைகீழாகத் தெரியும், ஆனால் இடம் கிடைத்தால்தான் தலையைத் திருப்ப முடியும். கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே தேடி, தாடையைப் பிடித்து நேராக்கி, ஆடு முக்குகிற நேரம் மட்டும் இழுத்தார். குட்டி வந்து விழுந்தது, மூக்கைத் துடைத்து வைக்கோலால் தேய்த்ததும் தும்மியது. "அப்பா கை பெருசு. ஆட்டுக்கெல்லாம் காலேஜ் லீவுல வந்தா என்னைத்தான் கூப்பிடுவார்" என்றார், கையைக் கழுவிக்கொண்டே. கூட்டி வந்தவர் எடுத்து நீட்டின காசில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

கட்டணம் நியாயம். நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசி என்றால் மருந்தின் விலைக்கு மேல் கொஞ்சம், பில் கேட்டால் கொடுக்கிறார்கள். நாய்க்குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, அப்புறம் வருடா வருடம், தேதியை அட்டையில் எழுதித் தருகிறார்கள். முன்னறையில் டாக்டர் கையால் எழுதின போர்டு இன்னும் இருக்கிறது: கடித்தால் உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவு, மஞ்சள் சுண்ணாம்பு வைக்காதே, நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. வெறிநாய்க்கடி வைத்தியத்துக்காகக் குன்னூரில் 1907-ல் பாஸ்டியர் நிறுவனம் வந்த கதையை அந்த போர்டுக்குக் கீழே உட்கார வைத்து எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பாரோ! கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது, அந்தத் தேதியையும் டாக்டரம்மா வீடு வீடாக நினைவூட்டுகிறார். நம் மாடு மேய்கிற இடத்தில்தான் காட்டுமாடும் மேய்கிறது, நம் மாட்டுக்கு வந்தால் அதற்கும் வரும் என்று அப்பா சொன்னதையே சொல்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. எக்ஸ்ரே கிடையாது, ஸ்கேன் கிடையாது. எலும்பு முறிவு, பெரிய ஆபரேஷன் என்றால் கீழே இறங்கத்தான் வேண்டும், இப்போது தேனியிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பதால் முன்பு மாதிரி நாமக்கல் வரை போக வேண்டியதில்லை. வீட்டு முன்னால் ஒரு வண்டிதான் நிற்கும், இறக்கமான ரோடு, மழையில் வழுக்கும். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வருகிற மேல்மலை ஆட்கள் எல்லாம் அப்படியே இங்கேயும் வருவதால் மதியம் வரை கூட்டம், அவசரமில்லாத ஊசிக்கு வேறு நாள் போங்கள். காலண்டரில் டீச்சரம்மா இப்போது முன்பு போல எழுதுவதில்லை, கொஞ்ச நாள் ஆகட்டும், யாரும் அவரை அதற்காகத் தொந்தரவு பண்ண வேண்டாம். கன்று போடும் தேதியை நாமே குறித்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் முன்னால் டாக்டரம்மாவுக்குச் சொல்லிவிடலாம்.

ராத்திரி போன் பண்ணுகிறவர்களுக்கு ஒன்று. "மாடு சரியில்லை" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். கன்று போட்டு எத்தனை நாள், சாணி போட்டதா, அசை போடுகிறதா, காது சூடா சில்லென்று இருக்கிறதா, இதைப் பார்த்துவிட்டுப் பேசினால் அவர் தேவையான மருந்தை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அவருக்கு லைன் கிடைக்காமல் போனாலோ, அவர் வேறு ஊரில் இருந்தாலோ 1962-க்கு அடியுங்கள், அரசு கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது. பால் காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் வெந்நீர் போட்டு வைத்திருங்கள்.